மேல்மாடியில் ஒருத்தி

எனக்கு முன்னால் பேசிய மூவரையும் மணியடித்து அமர வைத்துவிட்டு, எனக்கு மட்டும் "நிதானமாகப் பேசுங்கள்" என்று சலுகை தந்திருக்கும் தலைவர் அவர்களே! வெயிலடித்தாலும் வாடை அடித்தாலும் இந்த மன்றத்துக்கு முதலில் வந்து நாற்காலி போட்டு, கடைசியில் போய் விளக்கணைக்கும் பெரியோர்களே! விருந்து முடிந்த பாத்திரங்களோடு உள்ளே இருந்துகொண்டு, முகம் காட்டாமல் காது மட்டும் கொடுத்திருக்கும் தாய்மார்களே! தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சிரிக்கும் எங்கள் அடிலெய்ட் பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் இந்தச் செண்பகவல்லியின் வணக்கம்.

மகளிர் நாளில் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, "கணினிக்கு நிரல் எழுதும் வேலையில் பெண்கள் ஏன் குறைவு?" என்பது. விழுக்காடுகளை அள்ளிக்கொண்டு வருவேன் என்று செயலாளர் எதிர்பார்த்திருப்பார். மன்னிக்க வேண்டும். நான் கொண்டு வந்திருப்பது ஒரே ஒரு பெண்ணின் கதை.

என்ன ஐயா? பின்வரிசையில் என்னவோ சொல்கிறீர்கள்? "பெண்களுக்கு அதில் விருப்பம் இல்லை" என்கிறீர்களா? நல்லது. ஒளிக்காமல் சொன்னீர்கள். கணினி தவழ்ந்த காலத்தில் அதற்குக் கட்டளை எழுதிப் பழக்கியவர்களில் எத்தனையோ பேர் பெண்கள், ஐயா. அன்றைக்கு இருந்த விருப்பம் பிறகு எங்கே போயிற்று? ஆவியாகிப் போயிற்றா? அடுப்பில் விழுந்து போயிற்றா? கதையைக் கேளுங்கள். கேட்டபின் நீங்களே சொல்லுங்கள்.

அவள் பெயர் லியான் நோஸ்கி. பரோசா பக்கம் நூரியூட்பாவில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள். அவளும் நானும் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் உங்களுக்கு வேண்டாம். அங்கே செய்தது ஒரே ஒரு பொருள். ஆளில்லாத இடத்தில் தனியாக வேலை செய்பவர்கள் மார்பில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவி. தோட்டத்தில், மேய்ச்சல் நிலத்தில், பம்பு அறையில் ஏதாவது ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தலாம். கை வராவிட்டால், "காப்பாத்துங்க" என்று கத்தினாலே போதும். கருவி அந்தக் குரலைக் கண்டுகொண்டு எங்களை அழைக்கும்.

எங்களை என்றால், கீழ்த்தளத்தில் இருந்த அழைப்பறையை. அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் உண்டு. அத்தனை பேரும் பெண்கள். மதுரையில் கணினிப் பொறியியல் படித்துவிட்டு வந்த நானும் அவர்களில் ஒருத்தி. மேல்மாடியில் நிரல் எழுதுகிறவர்கள். அத்தனை பேரும் ஆண்கள், லியான் ஒருத்தியைத் தவிர. ஒரே கட்டடம். ஒரே வாசல். நடுவில் ஒரு மாடிப்படி. அந்த மாடிப்படியில் அன்றாடம் இறங்கி ஏறியவள் அவள் ஒருத்திதான்.

ஏன் இறங்கினாள் தெரியுமா? சொன்னால் சிரிப்பீர்கள். மேல்மாடியில் பெண்கள் கழிப்பறையைப் பழைய கணினித் திரைகளும் அட்டைப் பெட்டிகளும் போட்டு வைக்கும் இடமாக ஆக்கிவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. ஒருத்திக்கு எதற்கு ஓர் அறை என்று செய்துவிட்டார்கள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தளத்துக்கு வந்தாள், கை கழுவினாள், கண்ணாடியைப் பார்த்தாள், போனாள். எங்கள் மேற்பார்வையாளர் ரோண்டாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "என்னடி, மேல தண்ணி கூட ஆம்பளைக்கு மட்டுந்தான் வருதா?" என்பாள். லியான் லேசாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டி மேலே ஏறியதே இல்லை.

மேலே அவளை யாராவது துன்புறுத்தினார்களா? இல்லை. திட்டினார்களா? இல்லை. பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். ஆண்களில் ஒருவருக்கு ஒன்று தெரியாவிட்டால் நாற்காலியைத் திருப்பிப் பக்கத்து ஆளிடம் கேட்டுவிடுவார்கள். "டேய், இது ஏன்டா ஓட மாட்டேங்குது?" அவ்வளவுதான், தீர்ந்தது. லியான் கேட்க மாட்டாள். ஒரே ஒருமுறை கேட்டாளாம். கேட்டதற்குப் பதிலும் நன்றாகவே சொன்னார்களாம். ஆனால் அதன் பிறகு ஒரு வாரம், அவள் எழுதியதையெல்லாம் ஒருவர் கூடுதலாகச் சரிபார்த்தாராம். ஆண் ஒருவன் பிழை செய்தால் அது அவன் பிழை. அவள் பிழை செய்தால்? அது பெண்களின் பிழை! ஒருத்தி தலையில் ஓர் இனத்தின் பாரம்! அதனால் அவள் எதை எழுதினாலும் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை மாலை பீர் குடிக்கக் கிளம்பும்போது அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பாள். "நீ வரவேண்டாம்" என்று யாரும் சொன்னதில்லை. "வா" என்றும் யாரும் சொன்னதில்லை.

ஒருநாள் மதியம் நான் வண்டி நிறுத்துமிடம் வழியாகப் போனேன். தன் காருக்குள் உட்கார்ந்து, ஜன்னலை ஏற்றிவிட்டு, சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். வெளியே வெயில் கொளுத்துகிறது.

"ஏன் இங்க உக்காந்திருக்க?" என்றேன்.

"ரேடியோ கேக்கலாம்னு."

ரேடியோ ஓடவில்லை, அவையோரே.

இப்போது அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். நிறுவனத்தின் மேலாளர் வாரிக் டன்ஸ்டன். நல்ல மனிதர், கலகலப்பானவர், கால்பந்துப் பைத்தியம். கருவி விற்பனைக்குப் போவதற்கு முன்னால் எல்லோரையும் கூட்டி வைத்து, குறை ஏதாவது உண்டா என்று கேட்டார். லியான் சொன்னாள்: "வாரிக், இந்தக் கருவிக்குக் குரல் பழக்கினது நம்ம மேல்மாடி ஆளுங்கள வச்சு. அத்தனையும் ஆம்பளக் குரல். பொம்பளக் குரல் அதுக்குப் பிடிபடுமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

அறையில் ஒரு நொடி அமைதி.

"நல்ல பாயிண்ட். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்றார் வாரிக். ஒருவர், "நீயே ரெண்டு தடவ கத்திடேன் லியான், முடிஞ்சுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? சிரிக்காவிட்டால் "இவளுக்கு விளையாட்டே தெரியாது" என்பார்கள். சிரித்தால் விஷயம் விளையாட்டாகிவிடும். மேசையைச் சுற்றி அத்தனை பேர். "இரு, அவ சொல்றத யோசிப்போம்" என்று சொல்ல ஒருவர் இல்லை. கருவி கடைக்குப் போயிற்று.

கிளேர் பள்ளத்தாக்கில் டாட் ஃபைஃபர் என்று ஒரு பெண்மணி. கணவரை இழந்தவர். குளிர்காலத்தில் தன் தோட்டத்துக் கொடிகளைத் தானே வெட்டிச் சரிசெய்வார். மகள் வாங்கிக் கொடுத்த எங்கள் கருவி மார்பில் இருந்தது. சரிவில் அவருடைய நாலுசக்கர வண்டி புரண்டு, இரண்டு கால்களையும் ஒரு கையையும் அழுத்திக்கொண்டது. இன்னொரு கை முதுகுக்குக் கீழே. பொத்தானுக்குக் கை எட்டவில்லை. கத்தினார். "காப்பாத்துங்க!" கருவி கேட்கவில்லை. இன்னும் கத்தினார். "யாராச்சும் காப்பாத்துங்க!" கருவி சும்மா கிடந்தது. காதுக்குப் பக்கத்தில், கழுத்துக்குக் கீழே, கேட்பதற்கென்றே பிறந்த பொருள் ஒன்று, கேளாமல் கிடந்தது!

யாரம்மா அது... "பிழைத்தாரா?" என்றா கேட்கிறீர்கள்? பிழைத்தார் அம்மா. பொழுது சாயும் நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆட்டைத் தேடிக்கொண்டு வந்தார். வந்ததால் பிழைத்தார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

மேல்மாடியில் விசாரணை. "அந்தம்மா சத்தமா கத்தியிருக்க மாட்டாங்க" என்பதுதான் முதலில் வந்த விளக்கம். கருவிக்குள் அன்றைய ஒலி பதிவாகியிருந்தது. அதைப் போட்டுக் கேட்கும் வேலை லியானுக்கு வந்தது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்தக் குரலை முழுதும் கேட்டாள். பிறகு எழுந்து வாரிக்கின் அறைக்குப் போய், மாட்டியிருந்ததைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள்.

"நல்லா சத்தமாத்தான் கத்தியிருக்காங்க, வாரிக். நீங்களே கேளுங்க."

அவர் கேட்டார். பாதியில் எடுத்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிற்றாம். "என்ன வேணும் உனக்கு?" என்றார்.

"குரல் வேணும். நெறைய பொம்பளைங்க குரல்."

அப்படித்தான் அவள் ஒலிப்பதிவுக் கருவியோடு எங்கள் அழைப்பறைக்கு வந்து நின்றாள். "பாருங்கடி, மேலேருந்து எறங்கி வர்றா. பல்பு மாத்தவா வந்திருக்க?" என்றாள் ரோண்டா.

"இல்ல. எல்லாரும் கத்தணும். உயிர் போற மாதிரி, காப்பாத்துங்கன்னு கத்தணும்."

அவையோரே, அடுத்து நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். எங்களால் கத்த முடியவில்லை! ஒருத்தி வாய் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. இன்னொருத்தி, ஏதோ கடையில் சில்லறை கேட்பதுபோல, "கொஞ்சம்... காப்பாத்துறீங்களா?" என்றாள். நான் முயன்றேன், தொண்டையில் காற்றுத்தான் வந்தது. நாள் முழுக்க அடுத்தவர் அலறலைக் கேட்டு ஆறுதல் சொல்லும் பெண்கள் நாங்கள். எங்களுக்கு அலறத் தெரியவில்லை. கத்தாதே, காதில் விழும்படி பேசாதே, கையை உயர்த்தாதே, காலை நீட்டாதே என்று எத்தனை ஊர்களில், எத்தனை மொழிகளில் எங்களை வளர்த்திருக்கிறார்கள்! மதுரையில் மட்டுமா? இங்கே மவுண்ட் காம்பியரிலும் அப்படித்தான்!

அப்போது ரோண்டா கண்ணை மூடினாள். ஒரு கத்துக் கத்தினாள்.

அது கருவியைப் பழக்குவதற்காகக் கத்திய குரல் இல்லை. எங்கேயோ, எப்போதோ, யாரும் வராத ஓர் இடத்தில் கத்தியிருந்த குரல். அவள் கண்ணைத் திறந்து, கைப்பையில் காகிதக் கைக்குட்டை தேடினாள். "போதுமா? பதிவாச்சா?" என்றாள். லியான் அவள் தோளில் கை வைத்தாள். அதன் பிறகு ஒவ்வொருத்தியாகக் கத்தினோம்.

பதிவு முடிந்ததும் நான் கேட்டேன்: "வெளிய காத்து அடிக்கிறப்ப குரலோட காத்துச் சத்தமும் கலக்குமே, அத எப்படிப் பிரிப்ப?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு இது எப்படித் தெரியும்?"

"படிச்சிருக்கேன்."

"படிச்சிட்டு ஏன் கீழ உக்காந்திருக்க, ஷென்?" செண்பகவல்லி அவள் வாயில் நுழையாது. ஷென் என்றே கூப்பிட்டாள்.

ஏன் உட்கார்ந்திருந்தேன்? வந்த புதிதில் வேறோர் இடத்தில் நிரல் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். "எங்க டீம்ல எல்லாரும் பசங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்காதா?" என்று அக்கறையோடு கேட்டார்கள். வீட்டுக்கு வந்தால், "குழந்தைங்கள யாரு பாப்பா? ஷிஃப்ட் வேலைன்னா தோதா இருக்கும்" என்றார்கள். அதுவும் அக்கறைதான். இரண்டு அக்கறைகளுக்கும் நடுவில் என் படிப்பு கீழ்த்தளத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "அப்படியே ஆயிருச்சு" என்றேன். அவள் தலையாட்டினாள். அவளுக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு லியான் ஓயவில்லை. நூரியூட்பா நெட்பால் குழுவைக் கத்த வைத்தாள். மதுக்கடைச் சமையல்காரிகளைக் கத்த வைத்தாள். மருத்துவமனையில் டாட் அம்மாளிடமே போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டாளாம். "எங்கிட்ட என்னத்துக்குக் கேக்குற? நான் கத்தினதுதான் ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கே! எடுத்துக்கோ கண்ணு" என்றாராம் அந்த அம்மாள். நிரலை அடியிலிருந்து மாற்றி எழுதினாள். கருவிக்குக் காது வந்தது. அடுத்த அறுவடைப் பருவத்திலேயே ரிவர்லாண்டில் பம்பு அறைக்குள் விழுந்த ஒரு பெண்ணின் குரல் எங்கள் அழைப்பறைக்கு வந்து சேர்ந்தது. அந்த அழைப்பை எடுத்தவள் நான். "பயப்படாதீங்க, ஆளு வந்துட்டே இருக்கு" என்று, ஆள் போய்ச் சேரும்வரை அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கொண்டாட்டம் வைத்தார்கள். லாமிங்டன் கேக், பழச்சாறு, பீர். செயற்கைக் காலோடு, ஊன்றுகோல் ஊன்றி, டாட் அம்மாள் வந்திருந்தார். வாரிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இத மாத்தி எழுதினது யாருப்பா? அவங்களப் பாக்கணும்."

வாரிக் முகமெல்லாம் மலர்ந்து, மேல்மாடி ஆட்கள் நின்ற பக்கம் கையை வீசி, "எல்லாம் நம்ம பசங்கதான்!" என்றார்.

கைதட்டல். லியான் பின்னால் மேசையருகே நின்று கேக் தட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்த வேலையை அவளிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. யாரும் செய்யாததால் அவள் செய்தாள். வாரிக் அவளை மறைக்க நினைத்தாரா? இல்லவே இல்லை. அவர் வாயில் "பசங்க" என்றால் அவளும் சேர்த்திதான். அதுதான் கொடுமை! அவளைச் சேர்த்துக்கொண்ட சொல்லுக்குள்ளேயே அவள் காணாமல் போனாள்! ரோண்டா மட்டும், "பசங்களாம், பசங்க!" என்று முணுமுணுத்தாள். லியானுக்குத் தர என்னிடமும் அன்றைக்கு ஒரு பார்வைதான் இருந்தது.

அடுத்த வாரம் அவள் வேலையை விட்டுவிட்டாள். நான் மாடிப்படியில் பிடித்து நிறுத்தினேன்.

"கோவமா லியான்?"

"இல்ல ஷென். கோவம் வந்திருந்தா சண்ட போட்டுட்டு இருந்திருப்பேன். அலுத்துப் போச்சு."

"எது அலுத்துச்சு? வேலையா?"

"சே! வேல எனக்கு உசுரு. இத்தன வருஷத்துல நான் ஒண்ணு சொன்னா, சரியாத்தான் சொன்னேனான்னு திரும்பிப் பாத்துக் கேக்கப் பக்கத்துல ஒருத்தி இல்ல. எனக்கு நானே கேட்டு, எனக்கு நானே பதில் சொல்லி... என் குரல் எனக்கே அலுத்துப் போச்சு."

நீங்கள் சொல்லுங்கள், பின்வரிசை ஐயா. இவளுக்கா விருப்பமில்லை? வேலை உயிர் என்றவள் வேலையை விட்டுப் போனாளே, அவளைத் துரத்தியது யார்? யாருமே இல்லை. அந்த அறையில் அவளுக்கென்று யாருமே இல்லாததுதான் அவளை அனுப்பி வைத்தது.

போகும்போது வாரிக்கிடம், "என் எடத்துக்கு ஆளு வெளிய தேடாதீங்க. கீழயே இருக்கா" என்று என்னைக் காட்டிவிட்டுப் போனாள். தேர்வு வைத்தார்கள், தேறினேன். மாடி ஏறினேன். மேலே போன முதல் நாளே, அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகும்தான் தெரியும் என்பதைக் கண்டுகொண்டேன். நல்ல மனிதர்கள். காலையில் வணக்கம் சொன்னார்கள், மாலையில் போய்வருகிறேன் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடந்த பகல் இருக்கிறதே, அது பாலைவனப் பகல். அவள் எப்படித் தாங்கினாள் என்று எண்ணாத நாளில்லை. நானும் போயிருப்பேன். இரண்டு முறை விலகல் கடிதம் எழுதியும் விட்டேன்.

அதற்குள் ஹுயென் என்று ஓர் இளம்பெண் வந்து சேர்ந்தாள். வியட்நாமியக் குடும்பம், படுசுட்டி. ஒரு கூட்டத்தில் அவள் எழுந்து, "அழைப்பு ரெண்டு ஒரே நேரத்துல வந்தா ஒண்ணு தொலைஞ்சு போகும்னு தோணுது" என்றாள்.

ஒரு நொடி அமைதி. எனக்கு நன்றாகத் தெரிந்த அமைதி. வாரிக், "நல்ல பாயிண்ட்..." என்று ஆரம்பித்தார். ஹுயென் மெல்ல உட்காரப் போனாள்.

வாயைத் திறந்தேன். "அவ சொல்றது சரி, வாரிக். இப்பவே பாக்கணும்."

அவ்வளவுதான் அவையோரே! வீர முழக்கம் இல்லை, மேசையில் குத்தவில்லை. ஆனால் அந்த மேல்மாடியில் அப்படி ஒரு சொற்றொடர் அதற்கு முன் ஒலித்ததே இல்லை! வாரிக் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி, இப்பவே பாப்போம்" என்றார். பார்த்தார்கள். அவள் சொன்ன ஓட்டை இருந்தது. அடைத்தார்கள்.

அன்று மாலை லியானுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் இப்போது ஊரில், ஒரு திராட்சை மது நிலையத்தில் சுற்றுலாக்காரர்களுக்குக் கோப்பையில் ஊற்றித் தருகிறாள். முழுதும் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"நீ அப்படிச் சொன்னதும் அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?"

"நிமிந்து உக்காந்துச்சு."

பின்னால் கோப்பைகள் உரசும் ஒலி கேட்டது.

"நல்லாருக்கு ஷென். ரொம்ப நல்லாருக்கு." யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "சரி, ஆளுங்க வந்துட்டாங்க, வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். அவளைத் திரும்பி வரச் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன். வரமாட்டேன் என்கிறாள். வந்திருந்தால் இந்தக் கதைக்கு நல்ல முடிவு கிடைத்திருக்கும். எனக்கும் கிடைத்திருக்கும்.

பெற்றோர்களே! பெண்ணைக் கணினி படிக்க வைக்கிறீர்கள்; வாழ்த்துகிறேன். ஆனால் படிக்க வைத்தால் மட்டும் போதுமா? பட்டம் வாங்கினால் போதுமா? ஆண்களே, அண்ணன்மார்களே, தம்பிமார்களே! உங்கள் அலுவலகத்தில் ஒருத்தி இருப்பாள். அவளுக்கு நீங்கள் மாலை போட வேண்டாம், மகளிர் நாளில் ரோஜா கொடுக்க வேண்டாம். அவள் ஒன்று சொல்லி அறை அமைதியாகும்போது, அந்த அமைதியை நீளவிடாதீர்கள். சரியென்றால் சரி என்று சொல்லுங்கள். தவறென்றால் தவறு என்றாவது சொல்லுங்கள். அதுவும் ஒரு துணைதான். ஒரு வாய் வேண்டும்! ஒரே ஒரு வாய் வேண்டும்! அது இல்லாததால் ஒருத்தி போனாள் என்று நான் கண்ணால் கண்டேன். எத்தனை மாடிகளில் எத்தனை பேர் போனார்கள் என்று யார் கண்டது?

இவ்வளவு நேரம் அமைதியாகக் கேட்டீர்கள். இடையிடையே மறுத்தும் பேசினீர்கள். அதற்குக் கூடுதல் நன்றி. பேச இடம் தந்த மன்றத்துக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், தமிழால் என்னைத் தனிமையிலிருந்து மீட்டு ஒரு மாலைப் பொழுது உட்கார வைத்த உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.